எண்ணெயை விற்போம், கந்தகத்தை விற்க வேண்டாம்

இயற்கை உழவர் கூட்டங்களில் தழை, மணி, சாம்பல் என்று மூன்று சத்துகளைப் பற்றி எவ்வளவு நேரமானாலும் பேசுவோம். தழைச்சத்துக்குத் தக்கைப்பூண்டு, மணிச்சத்துக்குப் பாஸ்போபாக்டீரியா, சாம்பல்சத்துக்கு அடுப்புச் சாம்பல் என்று ஆளுக்கொரு பதில் தயாராக இருக்கும். கந்தகம் என்று யாராவது ஆரம்பித்தால், "அது சாம்பல் நோய்க்குத் தூவுற தூள் தானே?" என்று ஒருவர் கேட்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

நான் திண்டிவனம் பக்கம் மல்லாட்டையும் எள்ளும் உளுந்தும் போடுகிறவன். செம்மண், பாதிக்குமேல் மணல். எண்ணெய்வித்தும் பயறும் பயிரிடுகிற நம்மைப் போன்றவர்கள் கந்தகத்தைக் கணக்கில் வைக்காமல் இயற்கை விவசாயம் செய்ய முடியாது என்பது என் கருத்து. அதைக் கடையில் வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டும் என்பதும் எனக்குச் சம்மதமில்லை. கந்தகம் நம் நிலத்தை விட்டு எந்த வழியாகப் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொஞ்சம் பழைய கதை. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை 1906-ல் நம் இராணிப்பேட்டையில்தான் தொடங்கியது. சூப்பர் பாஸ்பேட்டை மணிச்சத்துக்காகத்தான் விற்றார்கள். ஆனால் பாறையைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் செய்வதால் அதில் 11 சதவீதம் கந்தகமும் இருந்தது. அதற்குப் பிறகு வந்த அம்மோனியம் சல்பேட்டில் 24 சதவீதம். ஆக, ரசாயன விவசாயத்தின் முதல் தலைமுறை தன்னை அறியாமலேயே வயலுக்குக் கந்தகம் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு யூரியா வந்தது, டி.ஏ.பி. வந்தது. மூட்டை சிறியது, சத்து அடர்த்தி அதிகம், வண்டி வாடகை மிச்சம் என்று எல்லோரும் மாறினார்கள். இந்த இரண்டிலும் பேருக்குக்கூடக் கந்தகம் கிடையாது. விளைச்சல் கூடக்கூட மண்ணிலிருந்து எடுப்பதும் கூடியது, திரும்பிப் போடுவது நின்றுபோனது. இப்போது அரசே அதை ஒப்புக்கொண்டு, யூரியாவின்மேல் கந்தகம் பூசி 'யூரியா கோல்டு' என்று 2023-ல் அறிமுகப்படுத்தியது. அதில் தழைச்சத்து 37 சதவீதம், கந்தகம் 17 சதவீதம். பறித்துக்கொண்டதையே பொட்டலம் கட்டி, தங்கம் என்று பெயர் வைத்து நம்மிடம் விற்கிறார்கள்!

சரி, நாம்தான் யூரியாவை விட்டுவிட்டோமே, நமக்கென்ன என்று கேட்கலாம். இந்த நிலங்கள் பலவும் முப்பது நாற்பது வருடம் யூரியாவும் டி.ஏ.பி.யும் தின்ற பிறகு நம் கைக்கு இயற்கைக்குத் திரும்பியவை. கழிந்த கணக்கும் அவற்றோடு சேர்ந்தே வந்திருக்கிறது.

மண்ணில் உள்ள கந்தகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மட்கில்தான் இருக்கிறது. நுண்ணுயிர்கள் மட்கைத் தின்று சிதைக்கும்போது அது சல்பேட்டாக வெளியே வரும். வேர் எடுத்துக்கொள்வது அந்தச் சல்பேட்டைத்தான். களிமண் துகளுக்கு எதிர்மின் குணம், சல்பேட்டுக்கும் அதே குணம். அதனால் மண் அதைப் பிடித்துவைக்காது. ஐப்பசியில் ஒரு பெரிய மழை அடித்தால் மணற்பாங்கான நிலத்தில் மேல்மண்ணில் இருந்த சல்பேட் வேருக்குக் கீழே இறங்கிவிடும். மட்கு குறைவான செம்மணலில் கந்தகம் ஏன் முதலில் தீர்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. மட்கு இருந்தால் கந்தகம் இருப்பு நிற்கும், இல்லாவிட்டால் வருவதும் போவதுமாக இருக்கும்.

பயிர் எவ்வளவு எடுக்கிறது? ஒரு டன் தானியம் விளைய நெல், கேழ்வரகு போன்ற பயிர்கள் மொத்தத்தில் 3 முதல் 4 கிலோ கந்தகம் எடுக்கும். பயறு வகை 8 கிலோ அளவில். எண்ணெய்வித்துகளுக்குப் பொதுவாகச் சொல்வது 12 கிலோ. இது தண்டு, இலை, விதை எல்லாம் சேர்ந்த கணக்கு. கடுகு இதற்கு மேலேயும் போகும், மல்லாட்டை இதற்குக் கீழே நிற்கும். நெல்காரர் கந்தகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது. நம்மைப் போன்ற மானாவாரி, எண்ணெய்வித்துக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொரு விஷயத்தை நம் ஆட்களிடம் எப்போதும் சொல்வேன். இயற்கை விவசாயத்தில் தழைச்சத்துக்கு நாம் நம்பியிருப்பது பயறு வகையை. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் பிடித்துத் தருகிற நொதி இருக்கிறதே, அது இரும்பும் கந்தகமும் சேர்ந்து கட்டிய ஒன்று. கந்தகம் குறைந்தால் முடிச்சு இருக்கும், உள்ளே வேலை நடக்காது. உளுந்து போட்டோம், சணப்பு மடக்கினோம், ஆனாலும் அடுத்த பயிர் வெளுத்தே நிற்கிறது என்று புலம்புகிறவர்கள், தழைச்சத்தைத் தேடுவதற்கு முன்னால் கந்தகத்தைப் பார்க்க வேண்டும். பருப்பின் புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இயல்பிலேயே குறைவு. அது கந்தகம் சேர்ந்த ஒன்று. நிலத்தில் கந்தகமும் இல்லாவிட்டால் நம் பருப்பு இன்னும் சத்துக்குறைவாகத்தான் விளையும். 'நஞ்சில்லா உணவு' என்று விற்கிறோம், அது சத்துள்ள உணவாகவும் இருக்க வேண்டாமா? சின்ன வெங்காயத்தின் காரமும் இதே கந்தகத்தின் வேலைதான். உரிக்கும்போது கண் கரிக்காத வெங்காயம் என்றால், அது விளைந்த நிலத்தைக் கொஞ்சம் விசாரிக்கலாம்.

பற்றாக்குறையைக் கண்ணால் அடையாளம் காண முடியும், ஆனால் ஏமாறவும் இடமுண்டு. தழைச்சத்து குறைந்தால் அடியிலை முதலில் மஞ்சளாகும், ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும். கந்தகம் அப்படி எளிதில் நகராது. அதனால் நுனி இலைகள் வெளுக்கும், அடியிலை பச்சையாகவே இருக்கும். மல்லாட்டையில் இரும்புப் பற்றாக்குறையும் நுனியில்தான் வரும், குறிப்பாகச் சுண்ணாம்பு நிலத்தில். அதில் இலை நரம்பு பச்சையாக நிற்கும், நரம்புக்கு இடையில் மட்டும் வெளுக்கும். கந்தகம் என்றால் நரம்பும் சேர்ந்தே வெளிறும். இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் இயக்கத்துக்குள்ளேயே சிலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். "ஜீவாமிர்தம் விட்டால் போதும், எல்லாச் சத்தும் வந்துடும்" என்கிறார்கள். இருநூறு லிட்டர் ஜீவாமிர்தத்தில் பத்து கிலோ சாணம், பத்து லிட்டர் மூத்திரம், இரண்டு கிலோ பயறு மாவு, இரண்டு கிலோ வெல்லம். அதில் உள்ள கந்தகத்தைக் கிராமில்தான் அளக்க முடியும். நுண்ணுயிரை எழுப்பிவிடுவது ஜீவாமிர்தத்தின் வேலை. நானும் மாதம் தவறாமல் விடுகிறேன். எழுந்த நுண்ணுயிர் மட்கிலிருந்துதான் கந்தகத்தை அவிழ்க்க வேண்டும். மட்கே இல்லாத நிலத்தில் அது எதை அவிழ்க்கும்? குதிரில் நெல் இல்லாமல் உலக்கையை எவ்வளவு வேகமாகக் குத்தினாலும் அரிசி வராது.

தொழுஎருவும் அப்படித்தான். மட்கிய எரு ஒரு டன்னில் ஒரு கிலோ அளவிலோ அதற்குக் கீழோதான் கந்தகம் இருக்கும். அதிலும் முதல் பட்டத்தில் ஒரு பகுதிதான் கிடைக்கும். ஏக்கருக்கு ஐந்து டன் எரு போட்டாலே பெரிய காரியமாக இருக்கிற காலம் இது. எருவைக் குறைசொல்லவில்லை, அதைக் குழியில் சேர்ப்பதற்குள்ளேயே நாம் எவ்வளவு இழக்கிறோம் என்பதைத்தான் சொல்கிறேன். மாடு தின்கிற கந்தகத்தில் ஒரு நல்ல பங்கு மூத்திரத்தில் சல்பேட்டாக வெளியே வருகிறது. மண்தரைக் கொட்டிலில் அது தரையோடு போகிறது. எருக்குழிமேல் கூரை கிடையாது, மழைக்காலத்தில் பழுப்பு நிறத் தண்ணீர் குழியிலிருந்து வழிந்து தெருவில் ஓடும். அந்தத் தண்ணீரில் போவது சாம்பல்சத்தும் கந்தகமும்தான். குழிமேல் நாலு கீற்று வேய்வதும், கொட்டிலில் மூத்திரம் ஓடிவந்து சேர ஒரு வாய்க்கால் வைப்பதும், கொட்டில் தரையில் தினமும் ஒரு கூடை காய்ந்த மண்ணோ உமியோ போட்டுக் கூட்டி அள்ளுவதும் எந்தப் புட்டி மருந்தையும்விட மலிவு.

கரும்புச் சோகையைக் கொளுத்துவதும் இதே கணக்கில் வரும். தீயில் தழைச்சத்து முழுக்கப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். கந்தகமும் புகையோடு போகிறது, தீயின் வேகத்தைப் பொறுத்து பாதி வரைக்கும்கூட. பல வருடம் சோகை கொளுத்திய வயலில் பயிர் சுழற்சிக்கு உளுந்தோ எள்ளோ போட்டால், பயிரின் நிறமே கதை சொல்லும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். மல்லாட்டைப் பருப்பில் எண்ணெய் பாதிக்குச் சற்றுக் குறைவு. அந்த எண்ணெய் முழுக்கக் காற்றும் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து செய்தது. கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் அதில் இருக்கிறது. கந்தகம் புரதத்தோடு சேர்ந்தது, புரதம் இருப்பது புண்ணாக்கில். காயாகவோ பருப்பாகவோ மூட்டை கட்டிக் கமிட்டிக்கு அனுப்பினால், நிலத்தின் கந்தகம், தழைச்சத்து, மணிச்சத்து எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிடுகிறோம். ஊரில் செக்கில் ஆட்டி எண்ணெயை விற்றுப் புண்ணாக்கை நம் மாட்டுக்கு வைத்தால், விற்றது வெயிலை மட்டும்தான். மண்ணுடையது மண்ணுக்கே எருவாகத் திரும்பும். கொடியும் அப்படித்தான். செடி எடுத்த கந்தகத்தில் பெரிய பங்கு கொடியிலும் இலையிலும் நிற்கிறது. அறுவடை முடிந்ததும் கொடியை வண்டி பேசி வெளியூருக்கு விற்பது கைக்கு உடனே காசு தரும் காரியம், கடன் நெருக்கும்போது யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தக் காசுக்குள் ஏக்கருக்கு எத்தனை கிலோ சத்து போனது என்று எழுதிப் பார்த்தால் விலை குறைவாகத்தான் தெரியும்.

அதனால்தான் செக்கு என்பது உடல்நலம், பாரம்பரியம் என்று நகரத்துக்காரர்கள் பேசும் விஷயத்தோடு நிற்பதில்லை என்கிறேன். ஊருக்கு ஒரு செக்கு, உழவர் குழுவின் கையில், வேண்டும் என்று கேட்பது மண்வளத்துக்கான கோரிக்கை. உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் காயைச் சேர்த்து மொத்தமாக விற்பதோடு நிற்காமல், புண்ணாக்கு உறுப்பினர் வீட்டுக்கே திரும்பிவர விதி வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் செம்மணலில் மல்லாட்டைக்குப் பற்றாக்குறை வரலாம். அங்கேதான் ஜிப்சம். இது ரசாயனம், தொடக்கூடாது என்று ஒரு பக்கமும், மூட்டை மூட்டையாகக் கொட்டு என்று இன்னொரு பக்கமும் பேசுகிறார்கள். ஜிப்சம் பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் கனிமம். இயற்கை வேளாண் சான்றளிப்பில் கனிம ஜிப்சத்துக்கு இடமுண்டு. நம் மாநிலத்திலேயே அரியலூர், பெரம்பலூர் பக்கம் பூமியில் கிடைக்கிறது, தூத்துக்குடி உப்பளங்களில் உப்புக்கு முன்னால் பாத்தியில் படிகிறது. நாம் கவனிக்க வேண்டியது மூன்றாவது வகையை. பாஸ்பேட் உர ஆலைகளில் மிஞ்சும் கழிவு ஜிப்சம். பாறை பாஸ்பேட்டைப் பொறுத்து அதில் புளோரைடும் கொஞ்சம் கதிரியக்கப் பொருளும் ஒட்டிக்கொண்டு வரும். பார்க்க எல்லாம் ஒரே வெள்ளைத் தூள்தான். மூட்டையில் எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்காது. சான்றிதழ் வைத்திருப்பவர்கள் வாங்குமுன் தங்கள் சான்றளிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது, பிறகு மூட்டையைக் காட்டிப் பயனில்லை.

மல்லாட்டைக்கு வேளாண் துறை பரிந்துரை எக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160. சுத்தமான ஜிப்சத்தில் கந்தகம் 18 சதவீதத்துக்குச் சற்று மேலே. நம் கைக்கு வருவதில் 13 முதல் 16 வரை இருந்தால் நல்ல சரக்கு. 160 கிலோவில் இருபது கிலோவுக்குக் குறையாமல் கந்தகம் கிடைக்கும். அதோடு சுண்ணாம்புச்சத்தும். மல்லாட்டையில் சுண்ணாம்பு வேர்வழியாகப் போய்க் காய்க்குச் சேராது. மண்ணுக்குள் இறங்கிய ஊசியும் பிஞ்சும் தாமாகவே சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் 40, 45-ஆம் நாளில் இரண்டாம் களை எடுத்துச் செடியோரத்தில் ஜிப்சத்தைத் தூவி மண் அணைக்கச் சொல்கிறார்கள். ஈரம் இருக்க வேண்டும். ஊசி இறங்கிப் பிஞ்சு முற்றிய பிறகு போட்டால் பொக்குக் காயைத் திருத்த முடியாது. எங்கள் பகுதியில் மானிய ஜிப்சம் பெரும்பாலும் வந்து சேருவது அதற்குப் பிறகுதான்! மார்கழிப் பட்டத்துக்குக் கேட்டால் மாசி முடிவில் லாரி வருகிறது.

ஒவ்வொரு வருடமும் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டும் என்றில்லை. கிணற்றுப் பாசனக்காரர்கள் முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். இதை யாரும் சொல்வதே கிடையாது. தண்ணீர் அறிக்கையில் சல்பேட் என்று ஒரு வரி இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு கந்தகம். லிட்டருக்கு 30 மில்லிகிராம் சல்பேட் என்றால் 10 மில்லிகிராம் கந்தகம். ஒரு பட்டத்துக்கு மொத்தம் 500 மில்லிமீட்டர் அளவுக்குப் பாய்ச்சினால் ஏக்கருக்கு 20 கிலோ கந்தகம் தண்ணீரிலேயே வந்துவிடுகிறது. அவருக்குக் கந்தகத்துக்காக எதுவும் வாங்கத் தேவையில்லை. பக்கத்து மானாவாரிக்காரருக்கு மழைத்தண்ணீர்தான், அவருடைய கணக்கு வேறு. இருவருக்கும் ஒரே சிபாரிசுச் சீட்டு எழுதுவது என்ன அறிவியல்?

மண் பரிசோதனையில் கந்தகம் 10 பி.பி.எம். என்பது பொதுவாகச் சொல்லும் எல்லை. அதற்குக் கீழே போனால் பற்றாக்குறை. மேல்மண்ணுக்கு அது ஏக்கருக்கு ஏறக்குறைய 9 கிலோ. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டையில் உள்ள 12 விவரங்களில் கந்தகமும் ஒன்று. அட்டை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். ஆனால் மழைக்கு முன் எடுத்த மாதிரி மழைக்குப் பின் பொருந்தாது. அடிமண்ணில் இறங்கிச் சேர்ந்திருப்பதும் அரையடி மாதிரியில் தெரியாது. அதனால் என் யோசனை: வயலில் நாலு சால் மட்டும் ஜிப்சம் இல்லாமல் விட்டுவிடுங்கள். அறுவடையில் இந்தப் பக்கம் பத்துச் செடி, அந்தப் பக்கம் பத்துச் செடி பிடுங்கி, காயை எண்ணி, உரித்து, எடை போடுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அடுத்த பட்டம் அந்தக் காசு மிச்சம். நான் இரண்டு பட்டத்துக்கு ஒருமுறைதான் போடுகிறேன், மேட்டுக் கழனிக்கு மட்டும்.

கடையில் இப்போது 90 சதவீதம் கந்தகம் என்று குருணை வருகிறது, திரவக் கந்தகம் என்று புட்டியும் வருகிறது. குருணைக் கந்தகத்தைப் பயிர் நேராக எடுக்காது. மண்ணிலுள்ள பாக்டீரியா வாரக்கணக்கில் அதைச் சல்பேட்டாக மாற்ற வேண்டும், மாறும்போது அமிலமும் உண்டாகும். சுண்ணாம்பு நிலத்துக்கு அது ஒருவகையில் உதவும், புளிப்பேறிய செம்மண்ணுக்குக் கெடுதல். இன்று சந்தையில் உள்ள கந்தகத்தில் பெரும்பகுதி பெட்ரோலிய, எரிவாயு ஆலைகளில் மிஞ்சுவது. ஒரு கடையில் எனக்கு அந்தப் புட்டியை நீட்டி, "ஏக்கருக்கு ஒரு லிட்டர் அடிங்கண்ணே, மூணு மூட்டை ஜிப்சத்துக்குச் சமம்" என்றார்கள். ஒரு லிட்டருக்குள் இருபது கிலோ எப்படி அடங்கும் என்று கேட்டேன். தம்பி சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

நெல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கந்தகம் குறைவதைவிடக் கெட்டுப்போவதுதான் ஆபத்து. தண்ணீர் கட்டிய சேற்றில் காற்று இல்லாததால் சல்பேட் சல்பைடாக மாறும். பசுந்தாளைத் தாராளமாக மடக்கி, நாள் விடாமல் நட்டு, தண்ணீரை வடிக்காமல் வைத்தால் கால் வைத்ததும் அழுகிய முட்டை நாற்றம் வரும், நாற்றைப் பிடுங்கினால் வேர் கறுத்திருக்கும். இதற்கு எந்த மருந்தும் வேண்டாம். மடக்கியபின் ஒரு வாரமாவது விட்டு நடவு, நட்டபின் காய்ச்சலும் பாய்ச்சலும். நிலம் லேசாக வெடிக்கிற அளவுக்குக் காய்ந்தால் சல்பைடு திரும்பச் சல்பேட்டாகிவிடும், வேர் வெளுக்கும். அங்கே ஜிப்சம் மூட்டையைப் பிரிக்காதீர்கள். களர் திருத்த வேண்டிய நிலம் என்றால் அது வேறு கணக்கு.

மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு நம் அமைப்பிலிருந்து ஆட்கள் போகிறார்கள். பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையம் என்று மனுக்கள் குவிகின்றன, அவை வேண்டியவைதான். அடுத்த கூட்டத்தில் இன்னும் மூன்றைச் சேர்த்துக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். மானிய ஜிப்சம் எங்கே வெட்டியது, ஆலைக் கழிவா என்று மூட்டையில் அச்சிட வேண்டும். மார்கழிப் பட்டத்துக்குக் கார்த்திகைக்குள்ளும் ஆடிப் பட்டத்துக்கு ஆனிக்குள்ளும் கிடங்கில் இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் சல்பேட்டைச் சோதித்து, முடிவை மண் அட்டையிலேயே ஒரு வரியாக எழுதித் தர வேண்டும். நான் எங்கள் ஒன்றியத்திலிருந்து மனு எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் தங்கள் மண்வள அட்டையின் நகலையும் கொண்டுவாருங்கள்.